குலுக்கு... பிரி... மறுபடி குலுக்கு!

கெமிஸ்ட்ரி லேப்ல செபரேட்டிங் ஃபனலைக் கையில் கொடுத்து, 'குலுக்கு'ன்னு சார் சொன்னப்போ, "இதெல்லாம் எதுக்குடா?"ன்னு முணுமுணுத்த ஆளா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான்!

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட்னு ஒரு தாது இருக்கு. 1909-ல் திருவிதாங்கூர் மணலில் இது இருப்பதைக் கண்டுபிடிச்சவர் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர். எப்படித் தெரியுமா? ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வெச்சு! அன்னிக்கு எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்குகளின் மேன்டில் அதில்தான் செஞ்சாங்க. இன்னிக்குக் கேட்பது நியோடிமியம். உங்க இயர்போனில், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரில் இருக்கும் காந்தத்துக்கு!

மோனசைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைப்பாங்க. பாஸ்பேட் தண்ணீரோடு கழன்றுவிடும். மிச்சத்தை ஹைட்ரோகுளோரிக் ஆசிடில், அமிலத்தன்மையை அளவா வெச்சுக் கரைத்தால், 'ரேர் எர்த்' உலோகங்கள் கரையும். தோரியம் கரையாமல் அடியில் தங்கும்.

கஷ்டமே இனிமேதான். கரைந்த உலோகங்கள் எல்லாம் ஒரே யூனிஃபார்ம் போட்ட இரட்டையர்கள் மாதிரி. 1841-ல் மொசாண்டர் ஒரே தனிமம்னு நினைச்ச 'டிடிமியம்', 1885-ல் வெல்ஸ்பாக் பிரிச்சுக் காட்டிய பிறகுதான் நியோடிமியம், பிரசியோடிமியம்னு ரெண்டு பேராச்சு!

இன்னிக்குப் பிரிப்பது எப்படி? நீங்க குலுக்கினீங்களே, அதே வித்தைதான். அமிலக் கரைசலோடு, ஒரு ரசாயனம் கலந்த மண்ணெண்ணெயைக் கலக்கணும். ஒரு உலோகம் கொஞ்சம் கூடுதலா எண்ணெய்ப் பக்கம் தாவும். வித்தியாசம் ரொம்பச் சின்னது. அதனால், வரிசையா தொட்டிகள் கட்டி, நூற்றுக்கணக்கான முறை கலக்கி, பிரிக்கணும். கேரளாவின் ஆலுவாவில் ஐ.ஆர்.இ.எல். ஆலை செய்வது இதைத்தான்.

பேர்தான் 'ரேர்'. பூமியின் மேலோட்டில் சீரியம் கிட்டத்தட்ட தாமிரம் அளவுக்கு இருக்கு. அரிதானது பிரிக்கும் திறமை! உலகத்தின் பெரும்பாலான பிரிப்பு ஆலைகள் சீனாவில். 2025 ஏப்ரலில் ஏழு ரேர் எர்த் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும், பல நாட்டுக் கார் கம்பெனிகள் காந்தத்துக்குத் தவிச்சுப் போச்சு.

அப்போ மணலை அள்ள வேண்டியதுதானேன்னு அவசரப்படாதீங்க. அடியில் தங்குதே தோரியம், அது கதிர்வீச்சு உள்ளது. கூடவே கொஞ்சம் ரேடியமும் வரும். தலைமுறை தலைமுறையா பத்திரமா வெச்சுக் காக்கணும். "எங்க கரை என்னாகும், எங்க உடம்பு என்னாகும்?"னு கடலோர ஊர்க்காரங்க கேட்பதை 'வளர்ச்சிக்கு எதிரி'ன்னு ஒதுக்கிட முடியாது. பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

ஆசிடைக் குறைச்சு, கழிவைக் குறைச்சு, இதையே செய்ய வழி இருக்கா? அது நீங்க செய்ய வேண்டிய பிராஜெக்ட்! லேபில் வேண்டியதை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை சிங்க்கில் கொட்டிட்டு கேன்டீனுக்கு ஓடிடறோம். ஆலையில் அப்படி ஓட முடியாது. அடுத்த முறை ஃபனலைக் குலுக்கும்போது, மிச்சம் எங்கே போகுதுன்னும் ஒரு நிமிஷம் பாருங்க பாஸ்!