முதல்ல ஃபெர்ரி கட்டுங்க, சார்

2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ பழுதுபார்க்கக் காட்டுப்பள்ளிக்கு வந்தது. 2025 ஜூனில், அதே தளத்தில் கட்டிய ‘ஐஎன்எஸ் அர்னாலா’ கடற்படையில் சேர்ந்தது. இரண்டு முறையும் டைம்லைனில் ராஜேந்திர சோழன் திரும்பி வந்துவிட்டான். அங்கே வெல்டிங் பிடித்தவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பல் தொழில் எப்படி வளர்கிறது என்பதை இந்தக் கைதட்டல் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது.

அமெரிக்காவின் ‘ஸ்பியர்ஹெட்’ வகை அதிவேகப் படைக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 103 மீட்டர் நீளம், இரட்டை அலுமினிய உடல், சுமார் 600 டன் சரக்கோடு 35 நாட் வேகம். அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். 2012இல் முதல் கப்பலை ஒப்படைத்தது அலபாமாவிலுள்ள ஆஸ்டல். அந்த ஆஸ்டல் யார்? ஆஸ்திரேலியாவில் பயணிகள் ஃபெர்ரி கட்டி வளர்ந்த கம்பெனி. 1999இல் ஆஸ்திரேலியக் கடற்படை, டாஸ்மேனியாவின் இன்காட் கட்டிய கார் ஃபெர்ரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ‘ஜெர்விஸ் பே’ என்று பெயரிட்டு, டார்வினிலிருந்து கிழக்குத் திமோருக்குப் படையினரை ஏற்றிப் போனது. 2001இல் அமெரிக்காவும் இன்காட்டிடம் ஒன்றை வாடகைக்கு வாங்கிச் சோதித்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் காரும் குடும்பமும், அப்புறம்தான் ராணுவம். அலுமினியத்தில் வேலை செய்யும் கை ஃபெர்ரி ஆர்டர்களில் தேறியது. அத்தனை அனுபவத்துக்குப் பிறகும் ஸ்பியர்ஹெட் கப்பல்களின் முன்பகுதி பெரிய அலையில் சேதமாகி, பலப்படுத்த வேண்டிவந்தது.

இது அணைக்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எங்க பக்கம் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போறவங்களைக் கேளுங்க. ஆர்டர் தொடர்ந்து ஓடினால்தான் கட்டிங், ஸ்டிச்சிங்ல கை நிக்கும். மூணு மாசம் லைன் நின்னா ஆள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவான். அப்புறம் பெரிய ஆர்டர் வந்து என்ன பண்ண?

நம் ஃபெர்ரி கதை என்ன? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ கொடியசைத்து அனுப்பப்பட்டது. ஒரே வாரத்தில் பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி ‘சிவகங்கை’ கிளம்ப 2024 ஆகஸ்ட் ஆனது. ஐப்பசியில் மழை வரும் என்பது யாருக்குத் தெரியாது?

“ஃபெர்ரி நஷ்டம்தானே, யார் பணம் போடுவது?” என்பார்கள். போர்க்கப்பலுக்கு யார் பணம் போடுகிறார்கள்? அதுவும் நம் வரிப்பணம்தான். லாபம் கேட்டா அதைக் கட்டுகிறோம்?

ஐப்பசிக் கடலையும் தாங்கும் நான்கு ஃபெர்ரிகளை இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கட்ட டெண்டர் விடுங்கள். யாழ்ப்பாணத்து உறவைப் பார்க்கப் போகிறவருக்கு வழி கிடைக்கும். வெல்டருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கும். கடற்படைக்கு வேகமான கப்பல் தேவைப்படும் நாளில், அதைக் கட்டத் தெரிந்த கைகள் இந்தக் கரையிலேயே இருக்கும்.