குளத்தில் விட்டுவிட்டேன்

விடுதி அறைகளைக் காலிசெய்யும் பருவம் இது. நூல்களும் மின்விசிறிகளும் இளையவர்களிடம் கைமாறுகின்றன. கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த கப்பி மீன்கள் மட்டும் வளாகத்துக் குளத்தைச் சேர்கின்றன. முதுகலை முடித்தபோது நானும் அதையே செய்தேன். "குளத்தில் விட்டுவிட்டேன்" என்று நண்பர்களிடம் சொன்னபோது ஒரு நற்செயல் புரிந்த நிறைவு இருந்தது.

அந்த நிறைவில் ஒரு பங்கு 'விடு' என்னும் வினைக்கு உரியது என்பது மொழியியல் படித்த எனக்குப் பின்னரே உறைத்தது. தமிழில் விடுவிப்பதும் கைவிடுவதும் அந்த ஒரே வினையில் அடங்கும். கைவிட்டவர் தம்மை விடுவித்தவராகக் கருதிக்கொள்ள மொழி இடம் தருகிறது, குளம் தருவதில்லை.

கப்பியின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் முதலிய தீவுகளும் ஆகும். அது முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண்மீன் விந்தணுக்களை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்துவைத்து, ஆண் துணையின்றியே பலமுறை ஈனவல்லது. ஆகவே ஒரு குளத்தில் கப்பி பெருகுவதற்கு ஒரு பெண்மீனே போதும். அசுத்த நீரையும் அது தாங்கும். அங்குள்ள நாட்டுச் சிறுமீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடும். தொட்டியில் பற்றிய நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் உடன்கொண்டு செல்லக்கூடும்.

கொசுவை ஒழிக்க அரசுத் துறைகளே கப்பியை நீர்நிலைகளில் விடுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், கொல்கத்தாவின் கழிவுநீர்க் கால்வாய்களிலும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கொள்கையும் விவாதத்துக்குரியதே. கொசுப்புழுவை உண்ணும் அப்ளோகீலஸ் போன்ற மீன்கள் இந்நாட்டு நீர்நிலைகளிலேயே உள்ளன. மேலும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் வீட்டுத் தொட்டிகள், குளிர்விப்பான்கள், பழைய டயர்கள் ஆகியவற்றில் தேங்கும் நீரில்தான் முட்டையிடுகிறது. குளத்தில் விட்ட கப்பி அவ்விடங்களுக்குச் செல்லாது. கொசு ஒழிப்பு என்னும் பெயர், நமது வசதிக்காகச் செய்த செயலுக்குப் பின்னர் தேடிக்கொள்ளும் நியாயமே.

கப்பி வளர்க்க வேண்டா என்பது என் கருத்தன்று. சிறிய அறைக்கும் எளிய கவனிப்புக்கும் இசைந்த அழகிய மீன் அது. ஆண்மீன்களை மட்டும் வாங்குங்கள். வண்ண வால் உடையவை அவையே, உருவிலும் சிறியவை. கடையில் வாங்கும் பெண்மீன் பெரும்பாலும் சினையோடுதான் வரும்; அதைப் பின்னர் தனியே பிரித்துவைப்பதால் பெருக்கம் நின்றுவிடாது. அறையைக் காலிசெய்யும்போது தொட்டியோடு மீன்களையும் இளைய மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். எவரும் முன்வராவிட்டால் கடைக்காரரிடம் கேட்டுப்பாருங்கள்.

நான் விட்ட மீன்களின் கால்வழி இன்றும் அந்தக் குளத்தில் இருக்கக்கூடும். அவற்றை என்னால் திரும்ப அள்ளியெடுக்க முடியாது. இந்தப் பருவத்தில் புதிதாக எவரும் அப்பிழையைச் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.