மார்க் குறைஞ்சவன் மக்குன்னு யார் சொன்னது?

அதிகாரிப் பயிற்சிக்குப் போன நம்ம பிள்ளை ஒருத்தன் மார்க் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன.

ஊர்த்தெரு சொல்கிறது: ‘கோட்டாவுல போனவன்தானே, எத்தன நாளைக்குத் தாங்குவான்?’

சேரி சொல்கிறது: ‘நமக்கெதுக்குப்பா அவ்ளோ பெரிய உத்தியோகம்? தலையில எழுதுனது அவ்வளவுதான்.’

இயக்கம் சொல்கிறது: ‘சாதிவெறி! வன்மையாகக் கண்டிக்கிறோம்!’ ஒரு துண்டறிக்கை, ஒரு ஆர்ப்பாட்டம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா, என்ன வேலைக்குப் போனான் என்று கேட்க ஆளில்லை.

மூன்று பேருமே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம், டிஜிட்டல் பேனர் வைக்கிறோம். பாதியில் திரும்பியவனுக்கு நம்மிடம் ஒரு வார்த்தை கிடையாது. இந்தத் தலையங்கம் அவனுக்கும், அவனைச் சுற்றி நிற்கிற நமக்கும்.

முதலில் ஊர்த்தெருவின் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். ராணுவ அதிகாரித் தேர்வில் பட்டியல் சாதிகளுக்கு இடஒதுக்கீடே கிடையாது. வயதுச் சலுகையும் கிடையாது. யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, அதற்குமேல் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கடைசியில் எல்லோருக்கும் ஒரே பட்டியல். அந்த வாசல் வழியாகத்தான் நம்ம பிள்ளையும் போனான். ‘கோட்டா’ என்கிற வார்த்தை அங்கே இல்லாதபோதும் அவன் முதுகில் அதை ஒட்டுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? அவனுடைய மார்க்கிலிருந்து வரவில்லை, அவனுடைய தெருவிலிருந்து வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னை பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963ல் தொடங்கியது. குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கு அங்கே 49 வாரப் பயிற்சி. ஓட்டம், கயிறு ஏறுதல், ஆயுதம், வரைபடம் படித்தல், போர்த்தந்திரம், எழுத்துத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ‘அதிகாரிக்குரிய பண்பு’ இருக்கிறதா என்று கூடவே இருந்து பார்க்கிற அதிகாரிகள் போடுகிற மதிப்பீடு தனி. தேறாவிட்டால் ‘ரெலிகேட்’ பண்ணுவார்கள், அதாவது ஒரு டெர்ம் பின்னால் தள்ளி மறுபடி செய்யச் சொல்வார்கள். அதற்கும் மேல் தேறாவிட்டால் வீட்டுக்கு.

பணி ஆணை கைக்கு வரும்வரை அவன் வெறும் பயிற்சியாளன். பயிற்சியில் அடிபட்டு ஊனமாகி வெளியே அனுப்பப்பட்ட கேடட்டுகளுக்கு முன்னாள் படைவீரர் என்கிற தகுதிகூட இல்லை என்ற செய்தியைப் பார்த்துத்தான் 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அடிபட்டவனுக்கே இந்தக் கதி என்றால், மார்க் குறைந்தவனை யார் விசாரிப்பார்கள்?

ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். மார்க் குறைந்து அனுப்பப்படுகிறவர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வெளியேற்றமும் சாதிக்கொடுமை என்று ஆதாரமில்லாமல் கத்தினால், நிஜமாகவே சாதியால் விரட்டப்பட்டவன் பேச்சும் எடுபடாமல் போகும். ஆனால் விழுகிற இடம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கர்னல் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால் மாமா கம்பெனியில் ஒரு நாற்காலி இருக்கும். நம்ம பிள்ளை விழுகிற இடத்தில் வட்டிக்கடன் இருக்கிறது, தங்கச்சி படிப்பு இருக்கிறது, டீக்கடை வாய் இருக்கிறது. ஏறுகிற இடமும் ஒன்றாக இல்லை. உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962லிருந்து நடக்கிறது. பத்து வயசிலேயே அப்படி ஒரு பள்ளியில் சேர்ந்து டிரில் அடித்தவனும், ஏரிக்கரையில் வெறுங்காலோடு ஓடியவனும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கோடு ஒன்றுதான். வந்த தூரம்?

இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கைப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் ராணுவத்தில் நம் ஆட்கள் சிப்பாய்களாக நிறைய இருந்தார்கள். மதறாஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகார்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பால் சுபேதார். பிறகு ‘வீரச் சாதி’ என்றொரு கதையைக் கட்டி 1890களில் மகார்களைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். மகார் ரெஜிமெண்ட் வர 1941 ஆயிற்று.

அதிகாரிப் பதவிக்கு வருவோம். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் 1918ல்தான் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் 10 இடம் ஒதுக்கினார்கள். கவனியுங்கள் தோழர்களே, அது இடஒதுக்கீடு! போனவர்கள் பெரும்பாலும் சமஸ்தானத்து வீட்டுப் பிள்ளைகள், ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், பெரிய உத்தியோகஸ்தர் பிள்ளைகள். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகமாக இவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். அன்றைக்கு இந்தியத் தலைவர்கள் என்ன சொன்னார்கள்? ‘எங்களுக்குத் தகுதி இல்லை’ என்றார்களா? இல்லை. சரியான பள்ளி இல்லை, பழக்கமில்லாத மொழி, அன்னிய நாடு, தேர்வு முறையில் கோளாறு என்றார்கள். நியாயமான பேச்சுதான். பிள்ளைகளைத் தயார்செய்ய 1922ல் டேராடூனில் ஒரு பள்ளி வந்தது. 1925ல் ஜெனரல் ஸ்கீன் தலைமையில் கமிட்டி வந்தது. அதில் மோதிலால் நேருவும் ஜின்னாவும் உறுப்பினர்கள். 1932ல் டேராடூனிலேயே 40 பேரோடு இந்திய ராணுவ அகாடமி திறக்கப்பட்டது.

ஜமீன் வீட்டுப் பிள்ளை தோற்றால் அவனுக்காக ஒரு பள்ளி, ஒரு கமிட்டி, ஒரு அகாடமி. சேரிப் பிள்ளை தோற்றால் ‘தகுதி இல்லை’. இதுதான் இந்த நாட்டின் தகுதிக் கணக்கு.

2015ல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் முதலாண்டு மதிப்பெண் போதவில்லை என்று 73 மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள். உயர்நீதிமன்றம் கை விரித்தது. போராட்டமும் கேள்விகளும் கிளம்பிய பிறகு நிறுவனமே இறங்கிவந்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. ஒரு மாதத்துக்கு முன் ‘முடியவே முடியாது’ என்ற விதி, கேட்டபோது வளைந்தது. கேட்காத இடத்தில் எத்தனை பேர் பெட்டியைக் கட்டினார்களோ!

அம்பேத்கர் மெட்ரிகுலேஷனில் எடுத்த மார்க் 750க்கு 282. சமஸ்கிருதம் படிக்க விடாததால் பாரசீகம் படித்தவர். 1917ல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கும்பல் துரத்தியது. வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். லண்டனில் அவர் கொடுத்த டி.எஸ்ஸி. ஆய்வேட்டை 1923ல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பித் தந்தார்கள். திருத்தினார், அதே ஆண்டிலேயே பட்டம் வாங்கினார். நீலக்கோட்டு படத்தை மாட்டுகிற நாம், அந்தக் கோட்டுக்குள் இருந்தவர் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. ஒரு அதிகாரிப் பயிற்சி நிலையத்திலிருந்து மார்க் குறைந்து அனுப்பப்பட்டவன் நான். ஓட்டத்தில் நான் முன்னால் வந்தவன். என்னைத் தோற்கடித்தது வரைபடம். தமிழில் படித்து வந்தவனுக்கு அந்த வேகமான இங்கிலீஷ் வகுப்பு காதோரம் போய்விடும். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் தேறவில்லை. ஒரு கடிதம், ஒரு ரயில் டிக்கெட், அவ்வளவுதான். எங்கம்மா சேரி முழுக்க ‘எம்மவன் ஆபீசரு’ன்னு சொல்லி வைத்திருந்தாள். நான் வந்த பிறகு ‘லீவுல வந்திருக்கான்’ என்று சொன்னாள். இரண்டு மாசம் லீவு முடியவேயில்லை.

என்னை வெளியே இழுத்தது அறிவுரை கிடையாது. எங்க தெருவில் ரிட்டையர்டு அவில்தார் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை. ஏரிக்குள்ளே பத்துப் பதினைந்து பையன்களைச் சேர்த்து ஆள்சேர்ப்புக்கு ஓட வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் விடியக்காலம் வந்து கதவைத் தட்டினார். ‘டேய், பரீட்சையில போனது போவட்டும். பசங்களுக்கு மேப்பு யாரு சொல்லிக் குடுக்கறது? எழுந்து வா.’ போனேன். ஏரி மண்ணில் குச்சியால் மேடும் பள்ளமும் போட்டுத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். பதினைந்து நாளில் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மூளை எனக்கு இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

திரும்பி வந்திருக்கிற தம்பிக்கும் தங்கச்சிக்கும் சில சங்கதிகள்.

ஒன்று, கையில் கொடுத்த கடிதத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பார். படிப்பில் தேறவில்லை என்பது வேறு. ‘அதிகாரிக்குரிய பண்பு இல்லை’, ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்பது வேறு. பின்னது இருந்தால் படைத்துறை அகாடமிகளின் கதவு மறுபடி திறக்காது.

இரண்டு, உள்ளே இருக்கிறபோதே ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடு என்றால், படிக்காமல் கையெழுத்துப் போடாதே. தானாக விலகியவனிடம் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க விதி இருக்கிறது.

மூன்று, உன் விடைத்தாளைப் பார்க்க உனக்கு உரிமை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005ல். தேர்வு எழுதியவர் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2011ல். பத்து ரூபாய் மனு. எங்கே மார்க் போனது என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

நான்கு, சிவில் பணியில் தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை வெறுமனே விடுவிப்பது வேறு. களங்கம் கற்பித்து, விசாரணை இல்லாமல் விரட்டுவது வேறு. 1974 ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நல்ல வக்கீலைப் பார். நாள் கடத்தாதே.

ஐந்து, வீட்டுக்குச் சொல்லாமல் நகரத்தில் ரூம் எடுத்து ஒளியாதே. வாசற்படியில் நின்றே சொல்லிவிடு. அப்பா கத்துவார், அம்மா அழுவாள், ராத்திரி சோறு போடுவார்கள். உன் டிகிரியை எவனும் பிடுங்கவில்லை. ராணுவத்தில் வயது கடந்தாலும், சிவில் சர்வீஸ் தேர்வை பட்டியல் சாதியினர் 37 வயதுவரை எழுதலாம்.

ஆறு, 1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017ல் இழந்தோம். மார்க் எடுத்தாலும் அளவுகோலை மாற்றுவார்கள், எடுக்காவிட்டாலும் பேசுவார்கள். அவர்கள் அளவுகோலுக்காக உயிரைக் கொடுக்காதே. தலைக்குள் இருட்டினால் 14416க்குப் போன் போடு, எந்நேரமும் எடுப்பார்கள். இல்லையென்றால் பக்கத்துத் தோழரை எழுப்பு. நடுராத்திரி என்றாலும் எழுப்பு.

இனி இயக்கத் தோழர்களுக்கு. அதிகாரிப் பயிற்சி நிலையங்களிடம் நாம் கேட்க வேண்டியது சலுகை இல்லை. எந்தப் பிரிவு மாணவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பின்தள்ளப்பட்டார்கள், எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. காரணத்தை எழுத்தில் கொடு. முதல் தேர்விலேயே தடுமாறுகிறவனுக்கு மொழிக்கும் பாடத்துக்கும் தனி வகுப்பு வை. ஜமீன் பிள்ளைகளுக்கு நூறு ஆண்டுக்கு முன்னால் செய்ததைத்தான் கேட்கிறோம்.

அரசு செய்யும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். நம்ம சேரிகளில் ஓய்வுபெற்ற அவில்தார்கள், சுபேதார்கள் இருக்கிறார்கள். பாதியில் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அந்த வாசலுக்குள்ளே போய்ப் பார்த்தவன் திரும்பி வந்தாலும் நமக்கு வாத்தியார்தான். உள்ளே எது தடுக்கும், எங்கே கால் இடறும் என்று அவனுக்குத்தான் தெரியும். மாவட்டத்துக்கு ஒரு இரவுப் பள்ளி, வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒரு கரும்பலகை. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். தோற்றவனை உட்காரவைத்துப் பேச விடுகிற மனசு வேண்டும்.

உங்கள் ஊரில் அப்படி ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாரா? இந்த இதழைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நாளைக் காலையில் போய்க் கதவைத் தட்டுங்கள்.