வேலை தேடுவதற்கும் ஒரு பதிவேடு வேண்டும்



போன வாரம் கோட்டக்குப்பம் கடைத்தெருவில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். டிப்ளமா முடித்து எட்டு மாதம் ஆகிறது. "சார், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. எந்தக் கம்பெனின்னே ஞாபகம் வரல. முழிச்சேன், வச்சிட்டாங்க" என்றான். சேதராப்பட்டு முதல் ஒரகடம் வரை விண்ணப்பம் போட்டிருக்கிறான். எதற்கும் குறிப்பு இல்லை.

முப்பது ஆண்டு வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? அவன் போனிலேயே கூகுள் ஷீட்ஸைத் திறந்து ஐந்து கட்டம் போடச் சொன்னேன்: கம்பெனி, விண்ணப்பித்த தேதி, அனுப்பிய பயோடேட்டா, பேசியவர் பெயர், அடுத்துச் செய்ய வேண்டியது.

"ஆப் வேலை வாங்கித் தருமா?" என்று கேட்பீர்கள். தராது. வந்த வாய்ப்பு கைநழுவாமல் காக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 5 ஆண்டுக்குத்தான். இந்தத் தேதிகளையும் எழுதி, போனில் நினைவூட்டல் வையுங்கள்.

நம் ஊரில் வளைகுடா போகிற பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கு ஆறாவது கட்டம் ஒன்று உண்டு: ஏஜென்ட்டின் பதிவு எண். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பணத்தையும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் அது.

கட்டம் போடத் தெரியாதவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.