அறிவிப்பும் ஒதுக்கீடும்

கடன் மனு தீர்மானமாவதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதை நாம் நன்கறிவோம். நம் அவனியாபுரத்துக்கு அண்மையிலுள்ள தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். செலவில் பெரும்பகுதிக்கு ஜப்பானியக் கடனை நம்பியிருந்தமையால், 2021 மார்ச்சில்தான் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரதானக் கட்டட வேலை தொடங்க 2024 ஆயிற்று. மதுரைக் கல்லூரியின் முதல் 50 மாணவர்களோ 2022இல் இராமநாதபுரத்தில் பாடம் கேட்கலாயினர்!

இத்தனை ஆண்டும் ஏழை நோயாளரின் பாரத்தைச் சுமந்தது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையே. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது, நன்றே. ஆயினும் அந்த அட்டை சிகிச்சைக் கட்டணத்தைத் தருமேயன்றி, தறி நின்ற நாளின் கூலியைத் தராது. மல்லிகை பறிக்காமற்போன விடியலையும் ஈடுசெய்யாது. வரிசையில் கழியும் பொழுது நெசவாளிக்கும் விவசாயிக்கும் நஷ்டமே. அதைக் குறைக்க வல்லவை கூடுதல் செவிலியரும் படுக்கைகளும்தாம்.

ஆகவே, உள்ள அரசு மருத்துவமனைகளுக்கு ஆண்டுதோறும் நேரடி ஒதுக்கீட்டை உயர்த்துமாறு, அடுத்த பொதுப்பேரவையில் நம் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புதல் வேண்டும்.