மான் கறிக்கு ஆசைப்பட்டா 7 வருஷம் ஜெயில்! காட்டோர கிராமங்களில் நாட்டுத்துப்பாக்கி ஒழியாதது ஏன்?

தருமபுரி:

பென்னாகரம், ஒகேனக்கல், பாலக்கோடு பக்கம் நாட்டுத்துப்பாக்கியோடு ஆள் பிடிபட்டார் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. மான் வேட்டைக்குப் போனேன் என்பார் ஒருத்தர். காட்டுக் காவலுக்கு வச்சிருந்தேன் என்பார் இன்னொருத்தர். பறிமுதல் ஆகிற சாமான் மட்டும் மாறுவதே இல்லை. துப்பாக்கி, கருமருந்து, பால்ரஸ் குண்டு, டார்ச் லைட்.

ஒரே ஒரு வெடிதான்

எஸ்.பி.எம்.எல். என்று போலீசார் எழுதும் இந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியில், குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, நார் திணித்து, பால்ரஸ் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் அவ்வளவுதான். மறுபடி நிரப்புவதற்குள், அடிபட்ட காட்டுப்பன்றி திரும்பி வந்தால் தப்பிக்க வழி கிடையாது. மருந்து நமத்துப்போனா வெடிக்காது. கூடிப்போனா குழாயே கிழியும். அதுவும் சுடுகிறவர் முகத்துக்குப் பக்கத்திலேயே.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு லைசென்சு உண்டு, சீசன் உண்டு. அங்கே கருமருந்து துப்பாக்கியோடு போகிற சிலர், முதல் குண்டு தப்பினால் உதவட்டும் என்று இடுப்பில் கருமருந்து ரிவால்வரும் செருகிக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி மான் வேட்டையே குற்றம்.

இரண்டு வழக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர், 2022-ல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் ஜெயில். லைசென்சு இல்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 வருஷம். துப்பாக்கி செய்து கொடுத்தவருக்கு 7 வருஷம் முதல் ஆயுள் வரை.

உயிரே போனதும் உண்டு. 2023 பிப்ரவரி 14-ந்தேதி இரவு, சேலம் மாவட்டம் கோவிந்தபாடி பக்கத்திலிருந்து பரிசலில் போனவர்கள் மீது எல்லைக் காட்டில் கர்நாடக வனத்துறையினர் சுட்டனர். மான் வேட்டைக்கு வந்தவர்கள் முதலில் சுட்டார்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கத்தான் போனார்கள் என்றனர் உறவினர்கள். 3 நாள் கழித்து ஒருவர் ஆற்றில் பிணமாக மிதந்தார்.

பன்றிதான் காரணமா?

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வச்சிருக்காங்க? கறி ஆசை ஒரு காரணம். ராகி, நிலக்கடலை, மரவள்ளியை ஒரே ராத்திரியில் உழுதுபோடும் காட்டுப்பன்றி இன்னொரு காரணம். பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள சட்டத்திலேயே லைசென்சு உண்டு. ஆனால் அதை வச்சு மான், பன்றியைச் சுட அனுமதி கிடையாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு புது முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. நம்ம மாவட்டத்தில் அதிகம் அடிபடுவது இந்த முதல் கிலோமீட்டர்தான். காட்டை ஒட்டி நிலம் உள்ளவருக்கு அறிவிப்பால் பெரிய பலன் இல்லை.

துப்பாக்கியை மட்டும் பிடுங்கினால் அடுத்து வருவது திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் செத்ததை யாரும் மறக்கவில்லை.

வழக்குக்குப் பயந்து துப்பாக்கியைப் பரணில் ஒளித்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூலம் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கும் வழி ஓசூர் பக்கம் பலன் தந்திருக்கிறது. அதோடு பயிர் இழப்பீடும் இழுத்தடிக்காமல் கைக்கு வந்தால், துப்பாக்கி தானாக வெளியே வரும். மானும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்.