நாய் செத்தால் போதுமா?

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு நாய் என் பேரனைக் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டாயிற்று. சிறுவயதில் ஊரில் எனக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்து 2005-க்குள் நின்றுபோனது. இப்போது பிள்ளைகளுக்கு அந்த அவஸ்தை இல்லை.

நாயை அடித்துக் கொன்று ராவோடு ராவாகப் புதைத்துவிட்டார்கள். "மூளையைச் சோதிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அதான் செத்துப்போச்சே சார்" என்றார் ஒருவர். அது பூக்காரம்மாவையும், பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவரையும் கடித்திருந்தது. பூக்காரம்மாவை ஊசிக்கு அழைத்துப் போனோம். அந்தத் தொழிலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. நாய்க்கு வெறி என்று உறுதியாகியிருந்தால் தெருவே திரண்டு தேடியிருக்கும்.

இத்தனைக்கும் நம் பெங்களூரில், ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் இதற்கான ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுமார் 400 கி.மீ. தள்ளியிருக்கும் ராய்ச்சூரில் ஒரு நாய் செத்தால், தலையை ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ் ஏற்றுவது யார்?

வழக்கமான சோதனைக்கு ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் வேண்டும். விலை பல லட்சம். ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் உருவான இன்னொரு முறைக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பது போன்ற சாதாரண மைக்ராஸ்கோப் போதும். ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். மண்டையை உடைக்கவும் வேண்டாம். பிடரித் துவாரம் வழியாக ஒரு ஸ்ட்ராவைச் செலுத்தியே மூளைத் துணுக்கை எடுக்கலாம். எடுப்பவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோடு காட்டும் சோதனைப் பட்டைகளும் வந்துள்ளன; ஆனால் தரம் சீராக இல்லை. அவை 'இல்லை' என்று காட்டினால் நம்பிவிடக் கூடாது.

கடிபட்டவர் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் ஊசி போட வேண்டும். அதில் பேச்சே இல்லை.

"அந்தப் பணத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போடலாமே" என்பார்கள். போட வேண்டியதுதான், 70 சதவீத நாய்களுக்காவது போட வேண்டும். ஆனால் எந்தத் தாலுகாவில் தொடங்குவது? 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதாக 2021-இல் தேசியத் திட்டம் போட்டார்கள். சோதிக்காமல் புதைத்துக்கொண்டே இருந்தால், ஒழிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையிலாவது இந்தச் சாதாரண மைக்ராஸ்கோப் சோதனை வேண்டும். அதற்கான மருந்துப் பொருளை அரசே தயாரித்துக் கொடுக்கட்டும்.

அந்தத் தொழிலாளிக்கு முப்பது வயதிருக்குமாம், வலது காலில் கடி. கட்டடக் காண்டிராக்ட் தொழிலில் உள்ள உறுப்பினர்கள் தயவுசெய்து விசாரித்து, சங்க அலுவலகத்தில் சொல்லவும்.